புழுக்கத்திற்குப் பெயரிட்டவர்கள்

காற்று அசையாத கோடை மாலையில், சாளரங்கள் அடைபட்ட ஓர் அறையினுள் பத்துப்பேர் கூடியிருந்தால் உண்டாகும் நிலையைத் தமிழில் புழுக்கம் என்கிறோம். வெளியே சொல்லவொண்ணாத எண்ணம் நெஞ்சினுள் கிடந்து உழல்வதையும் மனப்புழுக்கம் என்றே வழங்குகிறோம். அறைக்கும் உள்ளத்திற்கும் ஒரே சொல் போதுமென்று நம் முன்னோர் கண்டனர். அரபு மொழியாளரும் இதே உண்மையைத் தம் வழியில் கண்டவர்களே. அவர்கள் அதனோடு நின்றுவிடவில்லை. காற்றோட்டமில்லாத சிந்தனையைக் கண்டபோதெல்லாம் அதற்கு நகைச்சுவை ததும்பும் புதுப்பெயர் ஒன்றைச் சூட்டினர். அப்பெயர்களுள் சில ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் வழக்கில் உள்ளன. சில பழைய ஏடுகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன. எது வாழ்ந்தது, எது மறைந்தது, ஏன் என்பதை ஆராய்வது மொழி வரலாறு மட்டுமன்று. மனித ஒழுக்கத்தின் வரலாறுமாகும்.

ஒரு வேர், மூன்று கிளைகள்

அரபு மொழியில் 'வாவ், கா, மீம்' என்னும் மூன்றெழுத்து வேர் ஒன்றுண்டு. அதிலிருந்து பிறந்த 'வகீம்' என்னும் சொல், உடலுக்கு ஒவ்வாத காற்றையும் நிலத்தையும் குறிக்கும். உகல், உரைனா குலத்தாருள் சிலர் மதீனாவுக்கு வந்தபோது அவ்வூரின் தட்பவெப்பம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன அல்லவா? அவ்விடத்தில் வரும் வினைச்சொற்களுள் ஒன்று இவ்வேரிலிருந்து கிளைத்ததே. செரியாமையைக் குறிக்கும் 'துகமா' என்னும் சொல்லும் இவ்வேரின் பிள்ளைதான். முதலெழுத்தாகிய வாவ், தாவாகத் திரிந்து நிற்கிறது. மூன்றாவது கிளைதான் நமக்கு வேண்டியது. கி.பி. 1311ஆம் ஆண்டில் மறைந்த இப்னு மன்ழூர் தொகுத்த 'லிஸானுல் அரப்' என்னும் பேரகராதி, இதே வேர்ச்சொல்லுக்குக் 'கனத்த மனிதன்' என்றும் பொருள் தருகிறது.

ஒவ்வாத காற்று, செரியாத உணவு, சகிக்க முடியாத மனிதன் ஆகிய மூன்றுக்கும் ஒரே வேர்! மூச்சுக்குள் போகாதது, வயிற்றுக்குள் அடங்காதது, மனத்துக்குள் நுழையாதது என்று மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்த மொழியறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கனத்த மனிதர்கள்

இக்'கனத்த மனிதரை' அரபு இலக்கியம் பெரிதும் வழங்கிய பெயர் 'ஸகீல்' என்பதாகும். பன்மையில் 'ஸுகலா' என்பர். உடற்பருமனுக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை. வந்தால் எழாதவர், பேசினால் நிறுத்தாதவர், தாம் அறிந்ததற்கு அப்பால் உலகில் ஒன்றுமில்லை என்று எண்ணுபவர், பிறர் முகத்தில் படரும் சோர்வைக் காணாதவர் ஆகியோரே ஸுகலா. அவர் உள்ளே வந்தால் சாளரம் திறந்திருந்தாலும் அறை புழுங்கும்.

விருந்துண்டபின் கலைந்து செல்லாமல் பேச்சில் ஆழ்ந்திருப்பது பெருமானார் (ஸல்) அவர்களுக்குச் சங்கடம் தந்ததையும், அதனை எடுத்துச் சொல்ல அவர்கள் நாணியதையும் திருக்குர்ஆனின் 33ஆம் அத்தியாயம் 53ஆம் வசனம் கூறுகிறது. விரிவுரையாளர்கள் இவ்வசனத்தை விளக்குமிடத்தில் ஸுகலாவைப் பற்றியும் பேசுவதுண்டு. கி.பி. 921இல் மறைந்த இப்னுல் மர்ஸுபான் இத்தகையோரைப் பற்றித் தனி நூலே எழுதினார். கி.பி. 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) அவர்களும் இப்பொருள் பற்றி ஒரு நூல் யாத்துள்ளார். மார்க்கக் கல்வியின் சிகரமாய் விளங்கியவர், சலிப்பூட்டும் மனிதரைப் பற்றி எழுதுவதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை.

கூஃபா நகரின் ஹதீஸ் கலை மேதை ஸுலைமான் இப்னு மிஹ்ரான் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 148இல் மறைந்தார்கள். 'அஃமஷ்', அதாவது நீர் வடியும் மங்கிய கண்ணினர் என்னும் பெயராலேயே அவர்கள் அறியப்பட்டார்கள். கண்கள் இவ்வாறு ஆனது ஏன் என்று ஒருவர் வினவியபோது, ஸுகலாவைப் பார்த்துப் பார்த்தே இப்படியாயின என்று அவர்கள் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்கிவருகிறது. தம் குறையைத் தாமே நகைக்குரியதாக்கி, அந்நகைப்பினாலேயே கேட்டவரின் நாகரிகமின்மையையும் சுட்டிவிட்ட நயத்தை நோக்குக. இந்த 'அஃமஷ்' என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

குற்றத்திற்கு ஒரு தொழிற்பெயர்

நகைச்சொல் படைப்பதில் தலைசிறந்தவர் பஸராவின் அல்ஜாஹிழ். ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்த இவர் எழுதிய 'கிதாபுல் புகலா' என்னும் நூல் உலோபிகளைப் பற்றியது. அந்நூலின் உலோபிகள் வெறும் கஞ்சர்கள் அல்லர். தம் கஞ்சத்தனத்திற்குத் தத்துவம் பேசுபவர்கள். உலோபத்தைச் 'சீர்செய்தல்' என்றும் 'சிக்கனம்' என்றும் அழகிய பெயரிட்டு அழைப்பவர்கள். மூடிய சிந்தனை எப்போதும் இவ்வாறே தனக்கொரு நல்ல பெயரைச் சூட்டிக்கொள்ளும். அப்பெயரைக் கழற்றிவிட்டு உண்மைப் பெயரை மாட்டுவதே நகைச்சுவையாளனின் பணி.

அந்நூலில் ஒரு பாத்திரத்தின் வாயிலாக விருந்துப் பந்தியின் குற்றங்களுக்கெல்லாம் பெயர் சூட்டப்படுகிறது. முதற்கவளம் தொண்டையில் இறங்குமுன் அடுத்ததைக் குத்தித் திணிப்பவர் 'லக்காம்'. கை கழுவியபின் நீரை அருகிலிருப்போர் மீது உதறுபவர் 'நஃப்பாள்'. உப்புக் கிண்ணத்தைச் சல்லடை போல் ஆட்டி, அதிலுள்ள மணப்பொருள்களைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்பவர் 'முகர்பில்'.

இவற்றுள் லக்காம், நஃப்பாள் என்பவற்றின் சொல்லமைப்பைக் கவனித்தால் நகைச்சுவையின் நுட்பம் விளங்கும். தச்சருக்கு நஜ்ஜார், கொல்லருக்கு ஹத்தாத், ரொட்டி சுடுபவருக்குக் கப்பாஸ் என்று தொழிலாளரைக் குறிக்க அரபு இலக்கணம் வகுத்துள்ள வாய்பாடே இவற்றுக்கும் பயன்படுகிறது. அதாவது, கவளத்தைக் குத்தித் திணிப்பதே ஒருவருக்குத் தொழிலாகிவிட்டது! மத்ரஸாவின் முதலாண்டில் ஸர்ஃபு பாடம் ஓதிய மாணவனும் இதைக் கேட்டுச் சிரிப்பான். புதுச்சொல் இலக்கணத்தை உடைக்கவில்லை; இலக்கணத்திற்கு உடன்பட்டு நின்றே நகைக்கிறது.

இதே வகையைச் சேர்ந்ததுதான் 'துஃபைலி' என்னும் சொல். கூஃபாவில் துஃபைல் என்பவர் அழையா விருந்துகளுக்குச் செல்வதில் பெயர் பெற்றவர். அவர் பெயரிலிருந்து, அழைக்காமலே பந்தியில் அமர்பவர் அனைவரும் துஃபைலி எனப்பட்டனர். கி.பி. 1071இல் மறைந்த வரலாற்றாசிரியர் அல்கதீபுல் பக்தாதி இவர்களைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார். இன்றைய அரபு மொழியில் பிற உயிரை ஒட்டி வாழும் ஒட்டுண்ணிகளுக்கு அறிவியல் நூல்களில் வழங்கும் பெயரும் துஃபைலி என்பதே. பந்தியில் பிறந்த கேலிச்சொல் ஆய்வுக்கூடத்தில் குடியேறிவிட்டது.

ஏட்டு மனிதர்

அறிஞர்களிடையே வழங்கிய கேலிச்சொற்களுள் மிகக் கூர்மையானது 'ஸஹஃபீ' என்பது. ஸஹீஃபா என்றால் ஏடு. ஆசிரியரின் முன்னமர்ந்து ஓதாமல் ஏடுகளிலிருந்தே கல்வி பெற்றவருக்கு இப்பெயர். ஏட்டினால் நேரும் பிழைக்கு 'தஸ்ஹீஃப்' என்று பெயர். அரபு எழுத்துகள் பல, புள்ளிகளாலேயே வேறுபடுவன. பழைய கைப்பிரதிகளிலோ புள்ளிகள் சரிவர இடப்படுவதில்லை. ஆசிரியரின் குரலைக் கேளாதவன் எதை எப்படிப் படிப்பான்?

அறபுலகில் ஒரு பழங்கதை வழங்குகிறது. ஏட்டு மருத்துவன் ஒருவன் கருஞ்சீரகம் நோய் தீர்க்கும் என்னும் செய்தியைப் படித்தான். விதையைக் குறிக்கும் 'ஹப்பா' என்னும் சொல், ஒரு புள்ளி கூடியதனால், பாம்பைக் குறிக்கும் 'ஹய்யா' ஆகிவிட்டது. கருஞ்சீரகத்திற்குப் பதில் கருநாகத்தைத் தேடிப் புறப்பட்டான் அவன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது தமிழ்ப் பழமொழி. கறிக்கு உதவாமல் போனால் இழப்பு சிறிது. மருந்துக்கு உதவாமல் போனால் உயிரே போகும்.

இச்சொல்லின் பிற்கால வாழ்வு வேடிக்கையானது. இன்றைய அரபு மொழியில் ஸஹஃபீ என்றால் இதழாளர் என்று பொருள். இவ்விதழில் எழுதுவோரும் அவ்வகையில் ஸஹஃபீகளே என்க.

ஃபுஸ்தாத்தின் காற்று

இனி, காற்றின் புழுக்கமும் கருத்தின் புழுக்கமும் ஒரே இடத்தில் சந்தித்த ஒரு வரலாற்றைக் காண்போம். அச்சந்திப்பு நிகழ்ந்தது எகிப்தின் பழந்தலைநகராகிய ஃபுஸ்தாத்தில், கி.பி. 11ஆம் நூற்றாண்டில்.

அலீ இப்னு ரிள்வான் எகிப்தின் ஜீஸாவில் ஓர் ஏழை ரொட்டிக்காரரின் மகனாகப் பிறந்தார். ஆசிரியருக்குக் கொடுக்கக் கையில் பொருளில்லை. தெருவோரம் அமர்ந்து சோதிடம் சொல்லி வயிறு வளர்த்தவாறே, கிரேக்க மருத்துவ மேதை ஜாலீனூஸின் நூல்களைத் தாமே கற்றார். கி.பி. 1006இல் வானில் திடீரெனப் பேரொளியுடன் தோன்றிய விண்மீனை இளமையில் கண்டு, பிற்காலத்தில் அதை எழுதி வைத்தவரும் அவரே. இன்றைய வானியலார் அக்குறிப்பைப் போற்றுகின்றனர். உழைப்பால் உயர்ந்து, ஃபாத்திமி கலீஃபா முஸ்தன்ஸிரின் காலத்தில் எகிப்தின் தலைமை மருத்துவராகவும் விளங்கினார்.

எகிப்து நாட்டில் நோய்கள் பரவும் காரணம் பற்றி அவர் எழுதிய நூல் புகழ் பெற்றது. கைரவான் நகரின் மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், எகிப்தைக் காணாமலே எகிப்தின் நோய்களைப் பற்றி எழுதியிருந்தார். அதை மறுக்கவே இப்னு ரிள்வான் எழுதுகோலை எடுத்தார். ஃபுஸ்தாத்தின் கிழக்கே முகத்தம் குன்று காற்றை மறிக்கிறது. தெருக்கள் குறுகியவை, கட்டடங்கள் உயர்ந்தவை. இறந்த பூனைகளையும் நாய்களையும் மக்கள் சந்துகளில் எறிகின்றனர். குளியற்கூடங்களின் அடுப்புப்புகை மேலெழாமல் தேங்குகிறது. கோடையில் காற்று வீசாத மாலைகளில் நகரின்மேல் கரிய ஆவி படர்ந்து நிற்பதைக் காணலாம். இவ்வாறெல்லாம் அவர் விவரிக்கிறார். ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பெருநகரின் தேங்கிய காற்றைக் கண்ணால் கண்டு, அதன் காரணங்களை வரிசைப்படுத்திய மருத்துவர் அவர்.

காற்றைப் பொறுத்தவரை இத்துணைத் தெளிவாகக் கண்ட கண், நூல்களின் பக்கம் திரும்பியபோது சுருங்கிக்கொண்டது. ஜாலீனூஸ் சொன்னதற்கு அப்பால் செல்ல அவர் விரும்பவில்லை. அறிஞர் ராஸீயையும் ஹுனைனையும் கடுமையாகத் தாக்கினார். ஆசிரியரிடம் கற்பதைவிட நூல்களிலிருந்து கற்பதே சிறந்தது என்று நிறுவவும் ஒரு நூல் எழுதினார். எகிப்தைக் காணாமல் எழுதியவரை மறுத்தவர், ஏடு மட்டுமே போதும் என்று வாதிட்டார். இது முரண்பாடே. எனினும் ஆசிரியருக்குக் கொடுக்க வழியின்றி வளர்ந்த அந்த ரொட்டிக்காரர் மகனின் நிலையில் நின்று பார்ப்போமாயின், அவ்வாதத்தின் பின்னுள்ள வேதனையும் நமக்குப் புலனாகும்.

ஜின்களின் முதலை

ஹிஜ்ரி 441இல் (கி.பி. 1049) பக்தாதிலிருந்து இப்னு பத்லான் என்னும் கிறிஸ்தவ மருத்துவர் ஃபுஸ்தாத்துக்கு வந்தார். இவர் புகழ்பெற்ற அறிஞர் இப்னுத் தய்யிபின் மாணவர், இனிய நடையினர், நகைச்சுவையில் வல்லவர். கோழிக்குஞ்சின் இயல்பு வெம்மை மிக்கதா, பிற பறவைக் குஞ்சின் இயல்பு வெம்மை மிக்கதா என்பதில் தொடங்கியது இருவருக்கும் வழக்கு. எல்லாப் பொருளையும் வெம்மை, தண்மை, ஈரம், உலர்வு என்று பகுத்து மருந்தளித்த அக்கால மருத்துவத்தில் இதுவும் ஒரு மெய்யான வினாவே. ஆனால் குஞ்சில் தொடங்கிய வழக்கு, கல்வி பெறும் முறையில் வந்து நின்றது.

ஆசிரியரிடம் கற்பதே மேல் என்பதற்கு இப்னு பத்லான் ஏழு காரணங்கள் காட்டினார். மாணவனுக்கு ஒரு சொல் விளங்காவிடில் ஆசிரியர் வேறு சொல்லால் விளக்குவார். நூலால் அது இயலாது. எழுத்து மயங்கும், படியெடுப்பவர் பிழை செய்வார், பெயர்க்கப்படாத கிரேக்கச் சொல் குறுக்கிடும். இவையெல்லாம் மறுக்க அரிய காரணங்கள். ஸஹஃபீ என்னும் ஒரு கேலிச்சொல்லுக்குள் உறைந்திருந்த அறிவையே அவர் விரித்துரைத்தார் எனலாம்.

அத்துடன் நின்றிருந்தால் வாதம் அறிவுலகிற்கு விருந்தாக அமைந்திருக்கும். ஆனால் இப்னு பத்லான் தம் எதிரியின் முகத்தைப் பற்றினார். இப்னு ரிள்வான் கருநிறத்தவர், அழகற்ற தோற்றமுடையவர். அவருக்கு 'திம்ஸாஹுல் ஜின்' என்று பட்டம் சூட்டினார் இப்னு பத்லான். ஜின்களின் முதலை என்பது அதன் பொருள். முகத்தை இகழ்ந்து கவிதையும் புனைந்தார். இப்னு ரிள்வானோ, இவருடன் யாரும் உறவு கொள்ளலாகாது என்று காஹிராவின் மருத்துவர்களுக்கு எழுதினார். மூன்றாண்டுகளுக்குப் பின் இப்னு பத்லான் எகிப்தை விட்டே நீங்கிக் குஸ்தந்தீனிய்யா சென்றார். ஒரே ஊரில் வாழ்ந்த இரு பேரறிவாளர் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்க வேண்டியவை எத்தனை! அவ்வூரின் காற்றைத் தேக்கியது முகத்தம் குன்று. அவ்வூரின் அறிவைத் தேக்கியது ஒரு பட்டப்பெயரும் அதற்குப் பதிலாக வந்த ஒரு விலக்குக் கடிதமும்.

பின்னாளில் இப்னு ரிள்வான், நல்ல மருத்துவனுக்கு அழகிய முகம் தேவையில்லை என்று விளக்கி ஒரு கட்டுரை எழுதினாராம். கி.பி. 1270இல் மறைந்த மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ இதனைக் குறித்துள்ளார். எகிப்தின் தலைமை மருத்துவர், தம் முகத்திற்காக வாதாட நேர்ந்தது! எழுத்தின் இனிமையிலும் நகைச்சுவையிலும் இப்னு பத்லான் மேலானவர், மருத்துவத்திலும் தத்துவத்திலும் இப்னு ரிள்வான் மேலானவர் என்பது அவ்வரலாற்றாசிரியரின் தீர்ப்பு. இவ்விருவரின் வாதநூல்களை ஷாக்த், மேயர்ஹோஃப் என்னும் அறிஞர் இருவர் 1937இல் காஹிராவில் பதிப்பித்தனர்.

இப்னு பத்லானின் உயர்ந்த நகைச்சுவையைக் காண வேண்டுமாயின் குஸ்தந்தீனிய்யாவில் கி.பி. 1054இல் அவர் எழுதிய 'தஅவத்துல் அதிப்பா' என்னும் நூலை நோக்க வேண்டும். 'மருத்துவர்களின் விருந்து' என்பது அதன் பொருள். ஊரில் நோயில்லையே, வருவாய் போயிற்றே என்று வருந்தும் முதிய மருத்துவர் ஒருவர், விருந்துக்கழைத்த இளைஞனுக்கு ஒவ்வோர் உணவிலும் ஒரு கேடு காட்டி உண்ணவிடாமல் தடுக்கிறார். அங்கே நகைப்புக்கு ஆளாவது முகமன்று. அறிவின் போர்வையில் மறைந்த உலோபமும் போலித்தனமும்.

எல்லை எது?

பட்டப்பெயர்களால் ஒருவரையொருவர் இழிவுபடுத்துவதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் தடுக்கிறது. அப்படியாயின் 'அஃமஷ்' என்னும் பெயர் எவ்வாறு ஹதீஸ் நூல்களில் நிலைத்தது என்று கேட்கலாம். இமாம் நவவீ (ரஹ்) போன்றோர் இதற்கு விடை கூறியுள்ளனர். ஒருவரை அடையாளம் காட்டும் பொருட்டு அத்தகைய பெயரைச் சொல்வது ஆகும். இழிவு கருதிச் சொல்வது ஆகாது. எழுத்து ஒன்றாயினும் எண்ணம் வேறு.

மொழியின் வரலாறும் இத்தீர்ப்பையே வழிமொழிகிறது. ஸகீல், துஃபைலி, ஸஹஃபீ ஆகிய சொற்கள் இன்றும் உயிருடன் இருக்கின்றன. அவை மனிதனின் செயலைக் குறித்தன, யாருக்கும் பொருந்தக்கூடியவை, சொல்பவனும் ஒருநாள் அப்பெயருக்குள் அகப்படலாம். ஆகவே அவற்றைக் கேட்டவர் சிரித்தனர், சற்றே திருந்தவும் செய்தனர். 'ஜின்களின் முதலை' என்னும் பெயரோ ஒரு முகத்தோடு ஒட்டியது. வரலாற்று ஏட்டிலன்றி வேறெங்கும் வழங்கவில்லை. இறைவன் படைத்த முகத்தை எவரும் திருத்திக்கொள்ள இயலாது. திருந்த வழியில்லாத இடத்தில் எழும் நகைப்பு கதவை அடைக்குமேயன்றித் திறக்காது.

இப்னு ரிள்வானுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பக்தாதிலிருந்து எகிப்துக்கு வந்தவர் அப்துல் லத்தீஃபுல் பக்தாதி (கி.பி. 1162-1231). ஆசிரியரின்றி நூல்களை மட்டும் நம்பாதீர் என்று மாணவர்க்கு அறிவுரை கூறியவர் அவர். அதே சமயம், ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியராகப் போற்றப்பட்ட ஜாலீனூஸையும் கண்மூடி ஏற்காதவர். கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தைப் பீடித்த கொடும் பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் மக்ஸ் என்னும் இடத்தில் குவிந்து கிடந்தன. அங்கே சென்று ஏராளமான தாடையெலும்புகளைப் பார்வையிட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்றார் ஜாலீனூஸ். அது ஒரே எலும்புதான் என்பதை அப்துல் லத்தீஃப் தம் கண்ணால் கண்டு எழுதினார். எவரையும் எள்ளி நகைக்கவில்லை. எவருக்கும் பட்டம் சூட்டவில்லை.

எகிப்தைப் பற்றிய தம் நூலில் அவர் அந்நாட்டு வீடுகளையும் வருணிக்கிறார். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை வாங்கி வீட்டினுள் இறக்கும் 'பாதஹன்ஜ்' என்னும் காற்றுக்கூண்டு அங்குக் கூரைகளில் அமைந்திருந்ததாம். 'பாத்' என்றால் பாரசீகத்தில் காற்று. புழுக்கத்தைப் பழித்துக்கொண்டிராமல், கூரையில் ஒரு வாய் திறந்துவிட்டனர் அம்மக்கள்.

நம் இல்லங்களிலும் மஜ்லிஸ்களிலும் கேலிப்பெயர்கள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. பிள்ளைகள் சூட்டும் பெயர்களைக் கேட்டால் அவர்களின் சொல்வளத்தை மெச்சத் தோன்றும். மெச்சுவதற்கு முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வோம்: இப்பெயர் ஒரு செயலைச் சுட்டுகிறதா, ஒரு முகத்தைச் சுட்டுகிறதா? செயலைச் சுட்டினால் நாமும் சேர்ந்து சிரிப்போம். அதில் நம் பங்கும் இருக்கலாம். முகத்தைச் சுட்டினால், அப்பிள்ளையை அருகழைத்து இப்னு ரிள்வானின் கதையைச் சொல்வோம்.